புனே – லண்டன்: தூரமும் நேரமும் கணக்கிடும் விதம்

புனேயிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது. புனேயின் லோகேகாவ் விமான நிலையம் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. ஓடுபாதை 2,535 மீட்டர். எரிபொருளை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பும் பெரிய விமானத்துக்கு அந்த நீளம் போதாது. ஆனாலும் தூரத்தை நாமே கணக்கிட்டுவிடலாம்.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். புனே: வடக்கு 18.58, கிழக்கு 73.92. லண்டனின் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 74.37. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும்.

இனி கைபேசி கால்குலேட்டரைத் திறந்து படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் சைன், கொசைன் பொத்தான்கள் வந்துவிடும். அது டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.2493. அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, 74.37இன் கொசைனாலும் பெருக்கினால் 0.1591. இரண்டையும் கூட்டி, நேர்மாறு கொசைன் எடுத்தால் 65.9 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். ஆக, சுமார் 7,330 கிலோமீட்டர்.

இது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி. பாகிஸ்தான், ஈரான், உக்ரைன் எல்லாம் அந்தக் கோட்டில் வருகின்றன. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குக் கதவடைத்தது. சுற்றிப் போவதற்குச் சில நூறு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. அதனால்தான் பக்கத்திலுள்ள மும்பையிலிருந்து லண்டனுக்கு நேரடிப் பயணம் ஒன்பதரை, பத்து மணி நேரம் ஆகிறது. திரும்பும்போது ஏறக்குறைய ஒரு மணி குறையும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி.

நிஜமான நேரம் போவது தரையில்தான். மும்பை வழி என்றால் சாலை நெரிசலையும் சேர்த்துக் காருக்கு நான்கு மணி, நிலையத்தில் மூன்று மணி, அப்புறம் பத்து மணி: மொத்தம் 17. துபாய் வழி என்றால் தூரம் கூடுவது சுமார் 220 கிலோமீட்டர்தான். லோகேகாவில் மூன்று மணி, துபாய்க்கு மூன்றேகால், அங்கே காத்திருக்க மூன்று, லண்டனுக்கு ஏழரை: இதுவும் ஏறக்குறைய 17தான். வயதான பெற்றோரைத் தனியே அனுப்புவதானால், பெட்டியைப் புனேயிலேயே ஒப்படைத்து லண்டனில் எடுத்துக்கொள்ளும்படி ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள்.