வைரத்துக்கும் ஊர் கேட்போம்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். பொன்னி வாங்குகிறவர்கள் எந்த ஊர் அரிசி என்று கேட்டுத்தான் மூட்டையை இறக்குகிறார்கள். பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் வைரத்துக்கு அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படையினர் வைரம் விற்று ஆயுதம் வாங்கினார்கள். பொதுமக்களின் கைகளை வெட்டினார்கள். ‘ரத்த வைரம்’ எனப்படும் இத்தகைய கற்களின் வணிகத்தைத் தடுக்கவே 2003-இல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. அத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்பார் உண்டு. ஆனால் அரசை எதிர்க்கும் கிளர்ச்சிப் படையின் போருக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கற்களை மட்டுமே அந்த முறை தடுக்கிறது. 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கே பகுதியில் வைரம் தோண்டியவர்களை அரசுப் படையே சுட்டுக் கொன்றது. மராங்கே கற்களின் ஏற்றுமதிக்கு 2011-இல் அனுமதி கிடைத்ததும், ரத்த வைரத்தை முதலில் அம்பலப்படுத்திய குளோபல் விட்னஸ் அமைப்பு இந்த முறையிலிருந்து விலகியது.

சான்றிதழ் தராத பதிலைக் கைவினை தர முடியும். மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போர் முடிந்தபின், ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளை வெட்டி ஒட்டிக் கெஸ்டர் என்ற சிற்பி 2001-இல் செய்த நாற்காலி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மதிப்பு இரும்பின் விலையில் இல்லை, சிற்பியின் கையில் இருக்கிறது. நகைக்கும் இதுவே பொருந்தும். பரதக் கலைஞர்கள் அணியும் நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளுக்கு அழகு தருவது உலோக வேலைப்பாடும் சிவப்பு, பச்சைக் கற்களைப் பதிக்கும் நேர்த்தியும்தான். திருச்சி வட்டாரத்திலோ செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது தலைமுறைகளாக நடந்துவரும் குடிசைத் தொழில். ஆலையில் உருவான கல்லுக்காக எந்தச் சுரங்கத்தையும் எந்தப் படையும் கைப்பற்ற வேண்டியதில்லை.

போலிக் கல் ஏமாற்று வேலைதானே என்று கேட்கலாம். வைரம் என்று சொல்லி விற்றால் ஏமாற்று. தன் பெயரிலேயே விலைபோகும் கல் யாரையும் ஏமாற்றுவதில்லை. இன்னொரு கேள்வி கனமானது. வைரத்தை எல்லோரும் ஒதுக்கினால், சூரத்தில் வைரம் தீட்டும் தொழிலாளர்களும், வைர வருமானத்தில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டிய போட்ஸ்வானாவும் என்ன ஆவது? வைரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. எந்த நாட்டின் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன். நேர்மையாகத் தோண்டும் நாட்டுக்கு அந்தக் கேள்வி நன்மையே செய்யும். திருச்சிக் கல்லுக்கும் விலக்கில்லை. இயந்திரத்தில் தீட்டிய மலிவான இறக்குமதிக் கல்லோடு போட்டியிட முடியாமல் கைத்தொழிலாளர்கள் நொடிந்துபோகிறார்கள். கல்லில் ரத்தக்கறை இல்லை என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது. ஆகவே நகைக்கடையில் இரண்டு கேள்விகள் வேண்டும்: கல் எங்கிருந்து வந்தது? அதைத் தீட்டியவருக்கு என்ன கிடைத்தது? வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர் பதிலைத் தேடித்தான் ஆகவேண்டும்.