திருப்பிப் போடவே வேணாம்! பந்தாய் உப்பும் ஆப்பிள் பான்கேக்

அமெரிக்காவில் காலை டிபனுக்கென்றே தனி ஓட்டல்கள் உண்டு. அங்கே ஆப்பிள் பான்கேக் கேட்டால் அரை மணி நேரம்கூட காக்க வேண்டியிருக்கும். வயிறு கிள்ளினாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1953-ல் ஒரேகான் மாநிலம் போர்ட்லேண்டில் தொடங்கிய ‘தி ஒரிஜினல் பான்கேக் ஹவுஸ்’ ஓட்டலுக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்த அயிட்டம்தான்.

ஏன் இவ்வளவு நேரம்? இது கல்லில் ஊற்றித் திருப்பிப் போடும் சமாச்சாரம் இல்லை. சட்டியோடு ஓவனில் வேக வேண்டும். சோடா மாவும் கிடையாது. மாவில் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி மேலே தூக்கும். முட்டை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாதியில் ஓவன் கதவைத் திறந்தால் போச்சு, புஸ்ஸென்று அமுங்கிவிடும்.

வீட்டில் செய்கிறவர்கள் 3 முட்டை, அரை கப் மைதா, அரை கப் பால், சிட்டிகை உப்பு போட்டுக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். தோசை மாவைவிட நீர்க்கவே இருக்கும். இரும்புச் சட்டியில் வெண்ணெய் உருக்கி, ஆப்பிள் துண்டு, சர்க்கரை, பட்டைத்தூள் சேர்த்து வதக்கி, அதன் மேலேயே மாவை ஊற்றி, 220 டிகிரி சூட்டில் சுமார் 20 நிமிடம். புளிப்பான பச்சை ஆப்பிள்தான் தோது. மாவாய் இருக்கும் பழம் குழைந்துவிடும்.

வெளியே எடுத்த சில நிமிடத்தில் தானாகவே அமுங்கும். கெட்டுப்போச்சு என்று பதற வேண்டாம், அதன் குணமே அப்படித்தான். ஆனால் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட சட்டியை ஓவனில் வைக்கவே கூடாது. அடியில் சர்க்கரைப் பாகு கொதிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.