சங்கு, சிப்பி மினுங்க ஆசிட் எதற்கு?



ஆலந்தலையில் சங்கு, சிப்பி கைவேலை செய்யும் குழுவைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் 38 சிப்பிச் சாவிக்கொத்துகள் கிடந்தன. திருச்செந்தூர்க் கடை ஒன்றுக்குக் கொடுத்துத் திரும்பி வந்தவை. "குடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு மேடம். ஒரு மாசத்துல பிசுபிசுன்னு ஆயி, தூசி அப்பி, வாடையும் வருதுன்னு திருப்பிட்டாவ" என்றார். என்ன பூசினீர்கள் என்று கேட்டோம். தேங்காய் எண்ணெய்! முதல் பயிற்சியில் அதைச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். எங்கள் தவறைச் சரி செய்யவே இதை எழுதுகிறோம்.

அதே வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு குளிர்பானப் பாட்டில் இருந்தது. உள்ளே இருந்தது ஆசிட். ஐந்து வயதுப் பேரன் அந்தக் கட்டிலில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். எண்ணெய் விஷயத்தை விட்டுவிட்டு முதலில் அதைப் பேசினோம்.

சங்கும் சிப்பியும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். சிப்பியைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் பக்கத்தில் தெரிந்த வேலை. அந்தச் சுண்ணாம்பில் ஆசிட் பட்டால் நுரைக்கும். அழுக்குப் போகிறது என்று நாம் நினைப்போம், ஆனால் நுரைத்துக் கரைவது சிப்பியேதான். சில நொடியில் மேல்தோல் போய்ப் பளிச்சென்று தெரியும். கொஞ்சம் தாமதித்தால் மினுமினுப்பு செத்து, வெள்ளைப் பொடி பூத்துவிடும். சோழிக்கு ஆசிட் காட்டவே கூடாது. அது பிறவியிலேயே பளபளப்பானது. ஒரு முறை கெட்டால் பழைய பளபளப்பு திரும்ப வராது.

ஆசிட் புகை மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். அதைவிட மோசம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலப்பது. குளோரின் என்ற விஷவாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. "சீக்கிரம் வெளுக்கட்டும்" என்று இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றியதாக வேறொரு ஊரில் ஒரு அக்கா சொன்னபோது எங்களுக்குப் பகீரென்றது. வீட்டில் ஆசிட் பாட்டில் இருந்தால் இன்றைக்கே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் எழுதாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது.

ஆசிட் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். சங்கின் மேல் இருக்கும் பழுப்புத் தோலுக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரே போதும். பிளாஸ்டிக் வாளியில், வெளியே காற்றாட, ஒரு இரவு ஊற வையுங்கள். கையுறை போட்டு எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தோல் போகாத இடத்தில் இன்னொரு இரவு. அவசரம் வேண்டாம்.

உண்மையான மினுக்கம் தேய்ப்பில்தான் வருகிறது. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் கேளுங்கள். 220 நம்பரில் தொடங்கி 400, 800, கடைசியாக 1200. ஒவ்வொரு நம்பரும் முந்தியது போட்ட கீறலை அழிக்க வேண்டும், அதனால் நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் அப்படியே நிற்கும். தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். காய்ந்த தூள் நெஞ்சுக்குள் போனால் இருமலும் இளைப்பும் வரும். வாயில் துணி கட்டினால் மட்டும் போதாது. சோழிக்கு இந்தத் தேய்ப்பும் வேண்டாம், கழுவித் துடைத்தால் போதும்.

கடைசியில்தான் மெழுகு. தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்கடித்துப் போகும். வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகி உரியும். ஒரு பங்கு தேன்மெழுகு, நாலு பங்கு லிக்விட் பாரஃபின் (மருந்துக் கடையில் கிடைக்கும்) எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீருக்குள் வைத்த சின்னப் பாத்திரத்தில் உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஆறினால் களிம்பு போல இருக்கும். சிப்பி நன்றாகக் காய்ந்த பிறகு, துளியளவு தொட்டு மெல்லிசாகப் பூசி, பத்து நிமிடம் விட்டுப் பருத்தித் துணியால் துடைத்து எடுங்கள். தடிப்பாகப் பூசினால் மங்கும்.

இதைச் செய்து காட்டும்போது ஒரு உறுப்பினரின் மகன் தன் பொம்மைக் காரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கப்பலில் வேலை பார்க்கும் மாமா வாங்கி வந்த இரும்புக் கார். முதலில் ஊதித் தூசியைத் தட்டினான், பிறகு மெழுகைத் தொட்டு மேற்கூரையில் வட்டமாகத் தேய்த்தான். தூசியோடு தேய்த்தால் கீறிவிடுமாம். நாங்கள் சொல்ல மறந்ததை அவன் சொல்லிவிட்டான்!

இன்னொன்று. எல்லாச் சங்கும் விற்கலாம் என்று நினைக்காதீர்கள். 2001-ல் நாட்டிலஸ், சில ராட்சத மட்டி வகைகள் உட்படப் பல இனங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பவளம், கடல் அட்டை, கடல் குதிரையும் அப்படித்தான். வலையில் புதிதாக ஏதாவது வந்தால், காசு கொடுத்து வாங்குவதற்கு முன் வனத்துறையிடம் காட்டிக் கேளுங்கள். "எல்லாரும் விக்கிறாவளே" என்பது அதிகாரியிடம் எடுபடாது.

திரும்பி வந்த 38 சிப்பிகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, 1200 பேப்பரில் தேய்த்து, மெழுகு போட்டோம். நாலு பேருக்கு ஒரு மதியம் ஆனது. மெழுகு டப்பாவின் மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள். நம் ஊர்க் காற்றில் மணல் உள்ளே போனால் அத்தனை சிப்பியும் கீறிவிடும்.