வாக்கும் ஒரு கடனே

சட்டசபைக்குச் செல்லும் பிரதிநிதி இரண்டு கணக்குகளுக்குப் பொறுப்பாளி. ஒன்று தேசத்தின் பொக்கிஷக் கணக்கு. மற்றொன்று தம்மைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஜனங்களின் குறைகளைத் தீர்க்க வேண்டிய கணக்கு. முதற் கணக்கு செலவைக் குறைக்கச் சொல்லும்; இரண்டாவது கணக்கு நம் ஊருக்கு வேண்டியதைக் கொண்டுவரச் சொல்லும். தலைநகரத்தில் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதும், ஊர் திரும்பியதும் கொண்டுவந்த பணத்தைப் பற்றிப் பெருமையடிப்பதும் எத்தேசத்திலும் காணும் காட்சியே. இவ்விரண்டு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுத முயன்ற ஒருவரின் வரலாற்றை இன்று வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டு ஸெனட் சபையில் 1987 முதல் 2013 வரை வட டகோடா மாகாணத்தின் பிரதிநிதியாயிருந்த கென்ட் கான்ராட் என்பவரே அவர்.

வட டகோடா, கானடா எல்லையை அடுத்த சமவெளிப் பிரதேசம். 2000-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்கு வசித்தோர் ஆறரை லக்ஷத்துக்கும் குறைவே. கோதுமை, பார்லி, சர்க்கரைக் கிழங்கு ஆகியவை அங்குள்ள குடியானவர்களின் ஜீவனம். கோடிக்கணக்கான ஜனங்கள் வாழும் கலிபோர்னியாவுக்கு ஸெனட்டில் எத்தனை ஸ்தானங்களோ, அத்தனையே, அதாவது இரண்டே, இச்சிறு மாகாணத்துக்கும் உண்டு. மத்திய சர்க்காருக்குச் செலுத்திய வரியைக் காட்டிலும் அதனிடமிருந்து பெற்ற பணமே அக்காலத்தில் அம்மாகாணத்துக்கு அதிகம். இத்தகைய இடத்திலிருந்து ஒருவர் கடனைக் குறைப்பதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார் என்பதே முதல் ஆச்சரியம்.

1986-ம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் பற்றாக்குறை 22,000 கோடி டாலருக்கு மேற்பட்டிருந்தது. அப்பொழுது அம்மாகாணத்தின் வரி கமிஷனராயிருந்த கான்ராட், ஸெனட் தேர்தலில் நின்று ஒரு பிரதிக்ஞை செய்தார். தமது ஆறு வருஷ காலம் முடிவதற்குள் இப்பற்றாக்குறை பெரிதும் குறையாவிட்டால் தாம் மறுபடியும் தேர்தலுக்கு நிற்பதில்லை என்றார். பதவியிலிருந்தவரைச் சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்து அவர் ஸெனட்டுக்குச் சென்றார்.

ஆறு வருஷங்கள் கழிந்தன. 1992-ல் பற்றாக்குறை 29,000 கோடி டாலராக வளர்ந்திருந்தது. நூறு பேர் கொண்ட ஒரு சபையில், புதிதாக வந்த ஓர் அங்கத்தினர் மட்டும் இதற்குப் பொறுப்பாளியல்லர். சாக்குச் சொல்ல விரும்பியிருந்தால் ஆயிரம் சாக்குகள் இருந்தன. ஆயினும் அவர் ஒன்றையும் சொல்லவில்லை. தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அவருடைய ஸ்தானத்துக்கு நவம்பரில் பைரன் டார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கேதான் விதி விளையாடியது. அதே வருஷம் செப்டம்பரில் அம்மாகாணத்தின் மற்றொரு ஸெனட்டரான க்வென்டின் பர்டிக் காலமானார். காலியான அந்த ஸ்தானத்துக்கு டிசம்பரில் நடந்த உபதேர்தலில் கான்ராட் நின்று வெற்றி பெற்றார். வாக்கின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு அதன் உட்பொருளைக் கைவிட்டார் என்று சிலர் கூறலாம். அதில் ஓரளவு நியாயம் இல்லாமலில்லை. ஆனால், நிற்பதில்லை என்று அவர் அறிவித்தபோது இன்னொரு ஸ்தானம் காலியாகும் என்பதை யாரும் அறியார். கையிலிருந்ததை விட்ட பிறகே மற்றொன்று வந்தது. இறுதித் தீர்ப்பை, அவருடைய வாக்கை முதலிற் கேட்ட அந்த ஜனங்களே வழங்கினார்கள்.

பொக்கிஷக் கணக்கில் அவர் செய்த முயற்சிகள் பல. 1995-ல் வரவுக்கு மேல் செலவு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே விதிக்கும் திருத்தம் ஸெனட்டுக்கு வந்தபோது அதை அவர் எதிர்த்து ஓட்டளித்தார்; திருத்தம் மயிரிழையில் தோற்றது. கடனைக் கண்டிப்பவர் இதை எதிர்ப்பதா என்று பலர் வியந்தனர். காரணம் இது: வயோதிகர்களின் ஓய்வூதியத்துக்கென வசூலிக்கும் நிதியின் உபரியைப் பொதுக் கணக்கிற் சேர்த்துப் பற்றாக்குறையை மறைக்கக் கூடாது என்பது அவர் கோரிய பாதுகாப்பு. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொரு பெட்டியில் போட்டுவிட்டுக் கடன் தீர்ந்தது என்று சொல்வது குடும்பத்திலும் பொய், ராஜ்யத்திலும் பொய். 2001-ல் வரவு மிகுந்திருந்த காலத்திலே ஜனாதிபதி புஷ் கொண்டுவந்த பெரிய வரிக் குறைப்பையும் அவர் எதிர்த்தார். 2000-ல் 23,600 கோடி டாலர் உபரி கண்ட பொக்கிஷம், 2009-ல் 1,40,000 கோடி டாலர் பற்றாக்குறையைக் கண்டது. வரிக் குறைப்பு, யுத்தங்கள், பொருளாதார வீழ்ச்சி ஆகிய எல்லாம் அதற்குக் காரணங்கள்.

வரவு செலவுக் கமிட்டியின் தலைவராயிருந்த அவர், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜட் கிரெக்குடன் சேர்ந்து ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இரு கட்சியினரும் அடங்கிய 18 பேர் கமிஷன் ஒன்று திட்டம் வகுக்க வேண்டும்; அவர்களில் 14 பேர் சம்மதித்தால் காங்கிரஸ் அதைத் திருத்தாமல் ஏற்கவோ தள்ளவோ வேண்டும் என்பது அதன் சாரம். 2010 ஜனவரியில் அதற்கு 53 ஓட்டுகள் கிடைத்தன, தேவைப்பட்டவை 60. முன்னர் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டவர்களிற் சிலரே எதிர்த்து ஓட்டளித்தது வெட்கத்துக்குரிய விஷயம். பின்னர் ஜனாதிபதி ஒபாமா தம் உத்தரவினால் அத்தகைய கமிஷனை நியமித்தார். அதன் அறிக்கைக்கு 11 பேரே சம்மதித்தனர். அப்பதினொருவரில் கான்ராடும் ஒருவர்.

இனி ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 1997 ஏப்ரலில் சிவப்பு நதி பெருக்கெடுத்துக் கிராண்ட் போர்க்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. சுமார் 50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். வெள்ளத்தின் நடுவிலேயே நகரின் மையத்தில் தீப்பற்றிக் கட்டிடங்கள் எரிந்தன. டெவில்ஸ் ஏரியோ, இயற்கையான வடிகால் இல்லாமல், 1993 முதல் சுமார் 30 அடி உயர்ந்து வயல்களையும் சாலைகளையும் விழுங்கியது. இவற்றுக்கெல்லாம் மத்திய சர்க்காரின் உதவியை இடைவிடாமற் கோரியவர் கான்ராட். ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி நிறைவேறிய 2008-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தில், பயிர் இழந்த குடியானவர்களுக்கு உதவும் ஏற்பாடு ஒன்றைச் சேர்ப்பதிலும் அவர் முன்னின்றார்.

சிக்கனம் பேசியவர் தம் ஊருக்கு மட்டும் பணம் கேட்கலாமா? இதுவே கேள்வி. வெள்ளத்தில் வீடிழந்தவனுக்குச் செய்யும் உதவி வீண் செலவன்று என்பது நமது அபிப்பிராயம். ஆனால் வருஷந்தோறும் விவசாயத்துக்குச் செல்லும் மானியம் வேறு விஷயம். அதை நாட்டிலுள்ளோர் யாவரும் சுமக்கின்றனர். இங்கே அவரைச் சோதிக்க ஓர் உரைகல் உண்டு. அவர் சம்மதித்த அந்த 2010-ம் வருஷத்துக் கமிஷன் அறிக்கை, விவசாய மானியங்களையும் குறைக்கும்படி கூறிற்று. தம் ஜனங்களின் கையிலிருந்து சிறிது போகும் என்று தெரிந்தும் அவர் அதை ஆதரித்தார். பிறர் செலவை மட்டும் வெட்டச் சொல்பவன் சிக்கனக்காரனல்லன். தன் பங்கையும் தராசில் வைப்பவனே அப்பெயருக்கு உரியவன்.

குறையையும் மறைப்பது நியாயமன்று. 2010, 2011, 2012 ஆகிய மூன்று வருஷங்களிலும் ஸெனட் சபை வரவு செலவுத் தீர்மானம் எதையும் நிறைவேற்றவில்லை. அக்காலத்தில் கமிட்டியின் தலைமை அவரிடமே இருந்தது. தம் கட்சியை எதிர்த்துப் போராடும் துணிவு அப்பொழுது குன்றிவிட்டதோ என்று கேட்போருக்கு எளிதில் பதிலளிக்க இயலாது. 2013 ஜனவரியில் அவர் பதவியிலிருந்து விலகியபோது தேசத்தின் கடன் 16 லக்ஷம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2024 நவம்பரில் அது 36 லக்ஷம் கோடியையும் கடந்தது. கணக்கை மட்டும் பார்த்தால் அவர் தோற்றவரே.

ஆயினும் அவரது வரலாற்றில் நமது ஊழியர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சர்க்கார் வாங்கும் கடனுக்குப் பத்திரம் உண்டு, வட்டி உண்டு, தவணை உண்டு. பிரதிநிதி ஜனங்களிடம் கொடுக்கும் வாக்குக்கு இவை ஒன்றும் கிடையா. அவருடைய மானமே அதற்கு ஜாமீன். நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருவோரை, எங்களுக்கு என்ன கொண்டுவருவீர் என்று மட்டும் கேட்கிறோம். அது யார் பணம் என்றும், சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர் என்றும் கேட்பதில்லை. இவ்விரண்டு கேள்விகளையும் கேட்கத் துணியும் ஜனங்களே, நாணயமுள்ள பிரதிநிதிகளைப் பெறுவார்கள்.