மன்ற விழாவும் தேநீர் விருந்தும்

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் கல்லூரி மன்றமொன்றின் நிறைவு விழாவை நடத்தும் முறையை நாம் பட்டறிவால்தான் கற்க வேண்டியிருக்கிறது. இவ்வாண்டு வேதியியல் மன்ற இணைச் செயலாளராக இருந்து நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, நேரம். நம்மில் பலர் கிராமங்களிலிருந்து வருபவர்கள். 6 மணிப் பேருந்தை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்த பேருந்து 8 மணிக்குத்தான். ஆகவே 5.30க்கு விழா முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டோம். வரவேற்புரை 3 நிமிடம், தலைமையுரை 10, ஆண்டறிக்கை 5, சிறப்புரை 20, விடைபெறும் மாணவர் இருவர் பேச 6, பரிசளிப்பு 10, நன்றியுரை 3. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி. 2021 டிசம்பரில் அதனை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே இக்கால அளவையும் கூறுகிறது. நாட்டுப்பண்ணுக்கு 52 வினாடி. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். 4 மணிக்குத் தொடங்கினால் தேநீருக்கு அரை மணி மிஞ்சும்.

இரண்டாவது, பணம். சென்ற ஆண்டு விருந்துக்கு ஒருவருக்கு 60 ரூபாய். கொடுத்தவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் என் பெயர் இல்லை. விழாவன்று நான் மதியமே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் நண்பர்கள் கேட்டபோது தலைவலி என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இத்தகைய விழாக்கள் வேறு யாருக்கோ உரியவை என்றே அன்று எண்ணினேன்.

இம்முறை பட்டியல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பேராசிரியரும் இசைந்தார். ஆய்வுக்கூட வாயிலில் மூடிய உண்டியல் ஒன்றை ஒரு வாரம் வைத்தோம். இயன்றவர் இயன்றதைப் போட்டனர். திறந்து எண்ணியபோது 2,640 ரூபாய் இருந்தது. அதற்குள் அடங்கும்படி பொன்னாடைகளையும் பூங்கொத்துகளையும் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, விருந்து. 100 பேருக்குத் தலைக்கு 100 மில்லி என்றால் 10 லிட்டர் தேநீர். பால் 6 லிட்டர், தேயிலைத்தூள் 300 கிராம், சர்க்கரை ஒன்றேகால் கிலோ போதுமானதாக இருந்தது. உடன் கேசரியும் வடையும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்தோம்.

என் தாயார் விசேஷ வீடுகளில் சமையல் உதவிக்குச் செல்பவர். அவரிடம் யோசனை கேட்டேன். "பந்தியில மொத எலையப் பாக்காதடா தம்பி, கடைசி எலைக்கு வந்துச்சான்னு பாரு" என்றார். அதன்படி கடைசி வரிசைக்கென்றே இருவரை நிறுத்தினோம். பரிமாறியவர்களின் பங்கையும் முன்னரே எடுத்து வைத்தோம்.

விழா 5.35க்கு முடிந்தது. 6 மணிப் பேருந்தில் எங்கள் ஊர் மாணவர் நால்வரும் இருந்தோம். உண்டியலில் யார் போட்டார், யார் போடவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வரவில்லை என்று தலைவலியைக் காரணம் சொன்னவர் எவருமில்லை. அடுத்த ஆண்டுச் செயலாளர்களுக்கு இக்குறிப்பு பயன்படுமாயின் மகிழ்வேன்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்