பால் கொழுப்பைத் தீர்மானிக்கும் வயிற்று நுண்ணுயிர்கள்: கறவை மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா முடிந்த மறுநாள், வயிறு உப்பிய மாடுகளைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டி வருவது வழக்கமாகிவிட்டது. மீந்த சோற்றை வீணாக்க வேண்டாமே என்று மாட்டுக்கு வைப்பதுதான் காரணம். சில மாடுகள் ஓரிரு நாளில் இறந்தும் போகின்றன. சோறு எப்படி மாட்டைச் சாய்க்கிறது?

முதல் வயிற்றில் நடப்பது என்ன?

மாட்டின் வயிற்றில் 4 அறைகள் உண்டு. அவற்றில் பெரியது அசையூண் வயிறு எனப்படும் முதல் வயிறு. இங்கு பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை ஆகிய நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. வைக்கோல், சோளத்தட்டையில் உள்ள நாரைச் செரிக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்து அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குத் தேவையான எரிசக்தியில் சுமார் 70 சதவீதம் இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

நாரிலிருந்து அதிகம் உருவாகும் அசிட்டிக் அமிலம், பாலில் கொழுப்பு உருவாக உதவுகிறது. நார்த் தீவனம் குறைந்தால் பால் கொழுப்பும் சொசைட்டியில் கிடைக்கும் விலையும் குறைவது இதனால்தான். நுண்ணுயிர்கள் பி வைட்டமின்களையும் தயாரிக்கின்றன. கடைசியில் அவையே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன.

சோறு ஏன் ஆபத்து?

முதல் வயிற்றின் அமில கார நிலை 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். சோறு, கஞ்சி, அரிசி மாவு அதிகமானால் அவை வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். மாடு அசைபோடாது. சாணம் புளித்த வாடையுடன் தண்ணீராகப் போகும். முற்றினால் மாடு எழ முடியாமல் படுத்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் வைக்கோல் அல்லது தட்டை, பிறகு அடர்தீவனம் கொடுங்கள். அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் அமிலத்தை முறிக்கும்.

2. உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது அடர்தீவனத்துக்குப் பொதுவான கணக்கு. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 5.5 கிலோ. இதை ஒரே வேளையில் வைக்காமல் மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

3. தீவனத்தை மாற்றும்போது பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 2 முதல் 3 வாரங்களில் புதியதுக்கு மாறுங்கள். நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும்.

4. தட்டையை நறுக்கிப் போடலாம், மாவுபோல் பொடியாக்க வேண்டாம்.

5. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாக வாங்கி வாய்வழியே கொடுக்காதீர்கள். அவை நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கும்.

மாடு சோற்றை அதிகம் தின்றுவிட்டால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். அடர்தீவனத்தை நிறுத்தி, வைக்கோல் மட்டும் போட்டு, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஆப்பசோடா கொடுப்பதானால் அளவை அவரிடமே கேளுங்கள்.

தொழுவத்தில் ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட்டுக் கொண்டிருக்க வேண்டும். குறைவாக இருந்தால், அன்றைய தீவனத்தில் நார் போதுமா என்று முதலில் பாருங்கள்.