பெயருள்ள கல்லும் பெயரில்லாத கைகளும்

மலையகத்திற் பிறந்து, ஹட்டன் பகுதியிலேயே தமிழாசிரியனாக வாழ்ந்துவரும் எனக்கு, ஐம்பது வயதைக் கடந்த பின்னரே ஆக்ரா நகரைக் காணும் பேறு கிட்டியது. கட்டடக்கலையின் அழகைக் கண்டு களித்துத் திரும்புவதே என் நோக்கம். ஆயின், தாஜ்மகாலின் நுழைவுச்சீட்டுக் கூடத்திலேயே என் சிந்தை வேறு திசையிற் சென்றுவிட்டது.

அங்கே இந்தியர்க்கு ஒரு கட்டணம். சார்க் நாட்டினர்க்கு மற்றொன்று. ஏனைய வெளிநாட்டினர்க்கு வேறொன்று. இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டி, நான் இரண்டாவதைச் செலுத்தினேன். என் பாட்டனார் திருச்சிச் சீமையிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் குடும்பத்தையும் நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிறந்த மண்ணில் நெடுங்காலம் 'இந்தியன்' எனப்பட்ட நான், இந்தியாவில் அயலவனாக நின்றேன். இதில் எவர்மீதும் குறை கூறுவதற்கில்லை. எனினும், உள்ளம் சற்றே கனத்தது.

உள்ளே சென்றேன். 1631இல் பர்ஹான்பூரிலே, பதினான்காவது மகப்பேற்றின்போது மறைந்த மும்தாஜுக்காக ஷாஜகான் எழுப்பிய கல்லறை அது. 1632இல் தொடங்கிய வேலை முழு வளாகமாக நிறைவுற இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மக்ரானாவிலிருந்து வந்த வெண்பளிங்கிற் பல நிற மணிகளைப் பதித்து மலர்க்கொடிகள் படைத்திருக்கின்றனர். உயரச் செல்லச் செல்ல எழுத்துகளைப் பெரிதாக்கியிருப்பதனால், கீழே நின்று காண்பார்க்கு அவையெல்லாம் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. இடமும் வலமும் ஒத்து அமைந்த அக்கட்டடத்தினுள்ளே ஒத்திசையாது அமைந்தது ஒன்றே: மும்தாஜின் நினைவுப்பேழை நடுவில் இருக்க, பின்னர் வந்த ஷாஜகானின் பேழை ஒருபுறமாக ஒதுங்கி நிற்கின்றது. 1658இல் மகன் ஔரங்கசீப்பினால் அரியணை இழந்து, ஆக்ராக் கோட்டையிற் சிறையிருந்து, 1666இல் உயிர்நீத்த மன்னன் தன் மனைவியின் அருகே அவ்வாறுதான் இடம்பெற்றான்.

அரசன் பெயரும் அரசி பெயரும் அறிவோம். சுவரில் எழுத்துப் பொறித்த பாரசீகக் கலைஞர் அமானத் கான் தம் பெயரையும் அங்கே பொறிக்கும் உரிமை பெற்றிருந்தார். கல்லை அறுத்தவன் யார்? சுமந்தவன் யார்?

வளாகத்துச் செம்மணற்கற்களிலே கற்றச்சர் தத்தம் குறிகளைக் கொத்திவைத்துள்ளனர் என்று படித்திருந்தேன். விண்மீன், அம்பு, மலர் என்று எளிய கோடுகள். தேடித் திரிந்தேன். தேய்ந்துபோன விண்மீன் ஒன்று கண்ணிற் பட்டது. விரல் நகத்தளவு பள்ளமே எனினும், பளிங்கு மாடத்தைவிட அதனருகேதான் நான் நெடுநேரம் நின்றேன்.

காரணம் உண்டு. என் பாட்டியாரின் தகரப் பெட்டியில் வட்டமான வில்லை ஒன்று கிடந்தது. இன்ன தோட்டத்து ஆள் என்பதற்கு அடையாளமாக எண் பொறித்துத் தொழிலாளருக்குக் கொடுத்த வில்லை அது, பாட்டனாருடையது. பெயர் அதில் இல்லை. அவர் தேயிலை மலையிலேயே மாண்டார். அடக்கிய இடம் இன்ன மலை என்று தெரியும். எந்தச் செடியின் அருகே என்பது தெரியாது. மேலே நடுகல் ஏதும் எழவில்லை, தேயிலைதான் தளிர்த்தது.

தமிழர் கல்லெடுத்து நினைவுபோற்றுதலை அறியாதவர் அல்லர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். கண்ணகிக்குக் கல் எடுக்கச் செங்குட்டுவன் இமயம் வரை சென்றதைச் சிலப்பதிகாரம் பாடுகிறது. கங்கையில் நீராட்டிய அக்கல்லைச் சுமந்தவர்கள் தோல்வியுற்ற கனகனும் விசயனும். இப்பகுதியை ஆண்டுதோறும் நடத்தும் நான் வீரத்தையே இதுவரை விளக்கிவந்தேன். சுமந்த தலைக்கு வலித்திருக்கும் என்ற நினைவு, ஆக்ராவில் அச்சிறு விண்மீனைக் கண்டபோதுதான் எனக்கு எழுந்தது. இலக்கியங் கற்பித்தவனுக்கு இது வெட்கமே.

ஊர் திரும்பியதும் மாணவர்க்கு ஒரு பணி கொடுத்தேன். தத்தம் குடும்பத்தில் முதன்முதலாக இம்மலைக்கு வந்தவர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், எந்த மலையில் உறங்குகிறார் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதிவர வேண்டும். மறுவாரம் நாற்பது கொப்பிகள் வந்தன. சிலவற்றில் நான்கு தலைமுறைப் பெயர்கள். சிலவற்றில் ஊர்ப்பெயர் மட்டும். மூன்று கொப்பிகள் வெறுமையாக இருந்தன.

கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி தயங்கியபடி எழுந்தாள். "ஐயா, எங்க பாட்டன் பேரு யாருக்கும் தெரியல. அவர் இருந்த லயத்து நம்பர் மட்டுந்தான் அம்மாவுக்குத் தெரியும்," என்றாள்.

"அந்த எண்ணை எழுதம்மா. அதன் கீழே அவர் பேத்தி என்று உன் பெயரை எழுது," என்றேன்.

அவள் கோணாமல், அழுத்தமாக எழுதினாள்.